நாலரை பஸ் போவதற்குள்: ராமநாதபுரம் கரையில் கல்லூரி மன்றம் நடத்த வருபவருக்கு

உங்களை மன்றச் செயலாளர் என்று சர்க்குலரில் போட்டிருப்பார்கள். சுற்றுச்சூழல் மன்றமோ, தமிழ் மன்றமோ, துறைச் சங்கமோ, நாட்டு நலப்பணித் திட்டத்தின் மாணவர் தலைவரோ, எதுவாக இருந்தாலும் சரி. வகுப்பில் கை தட்டியிருப்பார்கள், நீங்களும் ஸ்டேட்டஸ் வைத்திருப்பீர்கள். அடுத்து என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் 2022 முதல் 2024 வரை சுற்றுச்சூழல் மன்றத்தை இழுத்துக்கொண்டு போனவன் நான். அதில் முதல் வருடம் முழுக்கத் தப்பு. கீழே இருப்பதில் பெரும்பகுதி அந்த வருடத்தில் கற்றதுதான்.

முதலில் பஸ் பட்டியல்

என் முதல் கூட்டத்தை நாலு மணிக்கு வைத்தேன். கல்லூரி விடும் நேரம் அதுதானே. பெயர் கொடுத்திருந்தவர்கள் 38 பேர். நாலு இருபதுக்கு நான் இன்னும் மன்றத்தின் நோக்கத்தைப் பேசிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு நழுவினார்கள். எனக்குக் கோபம். மறுநாள் வகுப்பு வகுப்பாகப் போய், "அக்கறை இல்லாதவங்க பேரை அடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயல்குடிப் பக்கமிருந்து வரும் ஒரு முதலாமாண்டுப் பெண் தனியாக வந்து சொன்னாள்: "அண்ணே, நாலரை பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறேகாலுக்குத்தான். வீடு போய்ச் சேர எட்டாயிரும். எங்கம்மா பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கும்."

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது வேண்டாம்.

நம் மாவட்டம் கடலோரமாக நீண்டு கிடக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் மட்டும் சுமார் 55 கி.மீ. தொண்டி ஒரு திசை, சாயல்குடி வேறு திசை, கீழக்கரையும் ஏர்வாடியும் இன்னொரு ரூட். என் காலத்தில் தீவுக்காரர்கள் பாடு இன்னும் மோசம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்குள் ரயிலே கிடையாது. மாணவிகளுக்கு டவுன் பஸ்ஸில் விடியல் பயணம் இலவசம்தான், ஆனால் அந்த டவுன் பஸ்ஸை விட்டுவிட்டால் அடுத்து வருகிற ரூட் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். உங்கள் பத்து நிமிட நன்றியுரை ஒருவருக்கு டிக்கெட் காசாகவும் வீட்டில் திட்டாகவும் முடியும்.

ஆகவே பொறுப்புக்கு வந்த முதல் வாரத்தில் கொள்கை அறிக்கை எழுத வேண்டாம். ஒரு நீள நோட்டு வாங்குங்கள். பெயர், ஊர், காலையில் வரும் பஸ், கடைசியாகப் போக முடிகிற பஸ், போன் நம்பர், அந்தப் போன் யாருடையது என்று ஆறு கட்டம் போடுங்கள். ஆறாவது கட்டம் முக்கியம். முதலாமாண்டில் பலர் கொடுப்பது அப்பாவின் நம்பர். அவர் கடலில் இருப்பார், போன் எடுக்க மாட்டார். அல்லது எடுத்து, "நீ யாருப்பா?" என்பார்.

பட்டியல் தயாரானதும் கூட்டத்துக்கு எது நேரம் என்று தானே தெரிந்துவிடும். எங்களுக்கு மதிய இடைவேளையில் 25 நிமிடம்தான் சரிப்பட்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினோம். வாயில் சோறு இருக்கும்போது யாரும் நீளமாகப் பேசுவதில்லை என்பது ஒரு வசதி.

யாருக்கு எந்த வேலை

மாணவர் பேரவைக்குத் தேர்தல் நடக்கும் கல்லூரியாக இருந்தால் லிங்டோ குழுவின் விதிகளைப் படித்து வையுங்கள். 2006ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டவை. வேட்பாளருக்கு 75 சதவீத வருகை வேண்டும், செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒரு முறைதான் நிற்கலாம். மன்றங்களில் பெரும்பாலும் தேர்தல் இருக்காது. பேராசிரியர் இரண்டு பேரைக் கூப்பிட்டு, "நீ செயலாளர், நீ பொருளாளர்" என்று முடித்துவிடுவார். மீதிக் குழுவை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

இங்கேதான் எல்லாரும் வழுக்குவது. கூடவே சுற்றும் நாலு பேரைப் போட்டுவிடுவோம். நாலு பேரும் ஒரே ஊர், ஒரே பஸ், பல நேரம் ஒரே தெரு. நம் மாவட்டத்தில் ஒரே தெரு என்றால் மற்றவர்களுக்கு என்ன புரியும் என்று உங்களுக்கே தெரியும். யாரும் வாய்விட்டு எதுவும் சொல்ல மாட்டார்கள், வராமல் மட்டும் போவார்கள். அதனால் பஸ் பட்டியலைப் பார்த்து ரூட்டுக்கு ஒருவர் என்று எடுங்கள். மண்டபம் ரூட்டில் ஒருவர், கீழக்கரை ரூட்டில் ஒருவர், தேவிபட்டினம்-தொண்டியில் ஒருவர், பரமக்குடிப் பக்கம் ஒருவர். வெளியே கேட்டால் தகவல் சொல்ல வசதி என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, நிஜமாகவே வசதிதான். கையில் கட்டும் சாதிக் கயிற்றின் நிறம் பார்த்துக் கூட்டம் சேர்க்கிறவர்கள் உள்ளே நுழைய அப்புறம் இடம் இருக்காது.

மாணவிகளைக் கோலம் போடவும் குத்துவிளக்கு ஏற்றும்போது தீப்பெட்டி நீட்டவும் மட்டும் வைக்கும் பழக்கம் உங்களோடு நிற்கட்டும். என் இரண்டாம் வருடத்தில் பொருளாளராக இருந்தது கீழக்கரைப் பெண். ஜூனியர்கள் எல்லாரும் அவரை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வருடம்தான் கணக்கில் ஒரு ரூபாய் இடிக்கவில்லை. வெளி நிகழ்ச்சி என்றால் மாணவிகளின் வீட்டுக்குக் கடிதம் கொடுங்கள். எங்கே போகிறோம், கூட வரும் பேராசிரியை யார், அவர் நம்பர், திரும்பும் நேரம், இவ்வளவு போதும். அந்த நேரத்தை ஒரு தடவை தவறினால் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான், அடுத்த கடிதத்தை அப்பா கையில் வாங்கவே மாட்டார்.

கையெழுத்து வாங்கும் கலை

பொறுப்பாசிரியர், துறைத் தலைவர், பிரின்சிபால் என்று குறைந்தது மூன்று கையெழுத்து. பத்து நாள் முன்பே கடிதம் போக வேண்டும். பொறுப்பாசிரியரை வராந்தாவில் நடக்கும்போது மறித்துக் கேட்காதீர்கள். காலையில் முதல் ஹவருக்கு முன் ஸ்டாஃப் ரூமில் போய் நில்லுங்கள். ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வராவிட்டாலும் வருகை கிடைப்பது) பட்டியலைக் கடிதத்தோடு சேர்த்தே வையுங்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு ஓ.டி. கேட்டு அலைவது போல அவமானம் வேறில்லை. பரீட்சை எழுத 75 சதவீத வருகை வேண்டியிருக்கும்போது, உங்களை நம்பி வந்தவருக்கு ஆப்சென்ட் விழுந்தால் அது உங்கள் தப்பு, ஆபீஸின் தப்பு இல்லை.

எல்லாக் கடிதத்துக்கும் ஒரு ஜெராக்ஸ் உங்கள் பைலில் இருக்கட்டும். நாட்டு நலப்பணித் திட்டம் என்றால் இன்னும் கவனம் தேவை. வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, அது போக 7 நாள் சிறப்பு முகாம். மணிக்கணக்கை அன்றன்றைக்கே எழுதாமல் மார்ச்சில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் சான்றிதழ் நேரத்தில் சண்டை நிச்சயம்.

தேதி பார்ப்பது

வருடத்தில் 12 மாதம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நமக்குக் கிடைப்பது ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம்வரை, அப்புறம் ஜனவரியிலிருந்து மார்ச் நடுவரை. நவம்பரிலும் ஏப்ரலிலும் பரீட்சை. அக்டோபர் நடுவுக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் உங்கள் சாமியானா, மைக் செட், சீஃப் கெஸ்ட் எல்லாம் போச்சு.

கிடைக்கும் மாதங்களிலும் அவற்றையொட்டியும் சில நாட்களைத் தொடக் கூடாது. செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி. அந்த நாட்களையொட்டி போலீஸ் பந்தோபஸ்து, வண்டிகளுக்குக் கட்டுப்பாடு, பஸ் மாற்றுப் பாதை எல்லாம் இருக்கும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரம் பஸ்ஸில் படியில்கூட இடம் கிடைக்காது. நோன்பு மாதத்தில் மூன்று மணி வெயிலில் மரக்கன்று நடும் விழா வேண்டாம். வருகிறவர்களில் பாதிப் பேர் தண்ணீர் குடிக்காமல் நிற்பார்கள், நீங்கள் அவர்கள் முன்னால் ரஸ்னா ஊற்றிக்கொண்டிருப்பீர்கள்.

ஜூலை 27, அக்டோபர் 15 இரண்டும் கலாம் நாட்கள். ஒன்று நினைவு நாள், மற்றது பிறந்த நாள். இரண்டாவதை இளைஞர் எழுச்சி நாளாக அரசே கொண்டாடுகிறது. அவர் பிறந்த மண் என்பதால் இங்கே எல்லாப் பள்ளியும், எல்லா மன்றமும் அன்றைக்கே விழா எடுக்கும்; விருந்தினர் ஒரு நாளில் மூன்று மேடை ஏறுவார். உங்கள் மேடை மூன்றாவதாக இருந்தால் அவர் வரும்போது பஸ் போயிருக்கும். என்னைக் கேட்டால் அந்த நாட்களில் இன்னொரு கட்டுரைப் போட்டி வைப்பதைவிடச் சும்மா இருப்பது மரியாதை.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகக் கடற்கரைத் தூய்மை நாள். மழை இல்லை, பரீட்சை இல்லை, சனிக்கிழமை. நம் கரைக்கு இதைவிட நல்ல தேதி கிடையாது.

முதல் நிகழ்ச்சி: கடற்கரையைச் சுத்தம் செய்தல்

நாங்களும் அதைத்தான் எடுத்தோம். மண்டபம் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் இருபது பேர் கையுறை மாட்டி இறங்கினோம். ஒரு மணி நேரத்தில் பதினோரு மூட்டை. போட்டோ எடுத்து முடிக்கும்போது ஒரு பெரியவர் ஓடி வந்தார். எங்கள் மூட்டையில் இரண்டைக் கவிழ்த்தார். உள்ளே அவருடைய வலைத் துண்டு, கயிறு, மிதப்புக் கட்டை. "குப்பைன்னு யாருய்யா சொன்னா? நாளைக்கு இத வச்சுத்தான்யா வலை கட்டணும்." நாங்கள் தலையைத் தொங்கப் போட்டு நின்றோம். கரையில் கிடக்கும் வலை குப்பை இல்லை என்பது எங்களில் பத்துப் பேருக்குத் தெரியும், அவர்கள் மீனவ வீட்டுப் பிள்ளைகள். அவர்களிடம் நான் கேட்கவே இல்லை. சொல்லியிருந்தாலும் மூட்டை எண்ணிக்கை மேல் இருந்த ஆசையில் காதில் விழுந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மூன்று வாரம் முன்னால் ஊர்த் தலைவரையும் மீனவர் சங்கத்தையும் நேரில் பாருங்கள், போனில் வேண்டாம். அந்தக் கரையில் என்றைக்குப் படகு போகாது என்று கேளுங்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று முறை இருக்கிறது. ஆட்கள் கரையில் இருக்கும் நாளில் போனால் எது குப்பை, எது சாமான் என்று அவர்களே காட்டுவார்கள். எந்தக் கரை என்பதையும் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அமைதியாக இருக்கும். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காலத்தில் தலைகீழ். செப்டம்பரில் கச்சான் இன்னும் ஓய்ந்திருக்காது, அதனால் வடகடல் கரையே நல்லது.

சேர்த்த குப்பை எங்கே போகும் என்பதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். ஊராட்சியில் பேசி வண்டியும் தூய்மைக் காவலரும் அன்றைக்கு வருவார்களா என்று உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் மூட்டைகள் கரையிலேயே கிடந்து, அடுத்த காற்றில் கிழிந்து, எடுத்த இடத்துக்கே திரும்பும். எங்கள் பதினோரு மூட்டையில் நாலு அப்படித்தான் ஆனது. மரைன் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு தகவல் கடிதம் கொடுங்கள். தீவுக்குப் போகலாம் என்று ஒருவர் கட்டாயம் ஆசை காட்டுவார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. தெரிந்தவர் படகு இருக்கிறது என்ற பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

தண்ணீருக்குள் யாரும் இறங்கக் கூடாது. கால் நனைப்பதும் இல்லை, செல்ஃபிக்கு முழங்கால்வரை போவதும் இல்லை. மீனவ வீட்டுப் பையன், நீச்சல் தெரியும் என்பதும் காரணம் இல்லை, அவன் இறங்கினால் நீச்சல் தெரியாத நாலு பேர் பின்னால் போவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது தலை எண்ணுங்கள், நடுவில் ஒரு தடவை, பஸ் ஏறும் முன் ஒரு தடவை. கடலில் அவசரம் என்றால் 1093, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டையும் எல்லார் போனிலும் அங்கேயே பதிய வையுங்கள். இந்த விஷயத்தில் நண்பன் முறைத்தால் முறைக்கட்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். டீ, தண்ணீர். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்கில் 14 வகைக்குத் தடை. நாங்கள் குப்பை பொறுக்கிவிட்டு பிளாஸ்டிக் கப்பில் டீ குடித்தோம். அந்தப் பெரியவர் அதையும் பார்த்தார். வீட்டிலிருந்து அவரவர் டம்ளர் கொண்டு வரச் சொன்னால் முடிந்தது.

பணம்

முதலில் எப்போது கேட்பது என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும். அதில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அந்த இரண்டு மாதமும் அரசு நிவாரணமும் கடனும்தான் ஓடும். தடை முடிந்து முதல் பாடு வருவதற்குள் கல்லூரி பீஸ், பஸ் பாஸ், நோட்டு என்று எல்லாம் ஒன்றாக நிற்கும். அப்போது போய் "சந்தா நூறு ரூபா" என்று நோட்டை நீட்டாதீர்கள். ஆகஸ்டில் கேளுங்கள், ஐம்பது ரூபாய் கேளுங்கள், கொடுக்காதவர் பெயரைக் கூட்டத்தில் வாசிக்காதீர்கள்.

அடுத்தது, பணம் எங்கே இருக்கிறது என்பது. 38 பேர் ஐம்பது ஐம்பதாகப் போட்டது 1,900 ரூபாய். எங்கள் முதல் பொருளாளரின் ஜிபேக்கு எல்லாரும் அனுப்பினார்கள். அவன் நல்லவன்தான். ஐந்தாம் தேதி அவன் பைக்குக்கான டியூ ஆட்டோ டெபிட்டில் போனது, எங்கள் 1,900ம் அதோடு போனது. இருபதாம் தேதி அவன் திருப்பிப் போட்டுவிட்டான். ஆனால் அந்தப் பதினைந்து நாளில், "மன்றக் காசுல பைக் ஓட்டுறான்" என்பது கேன்டீன்வரை போய்விட்டது. அவன் அந்த வருடம் முழுக்கக் கேன்டீன் பக்கமே வரவில்லை.

தனி நபர் அக்கவுண்ட் வேண்டாம். பொறுப்பாசிரியர் வழியாகக் கல்லூரிக் கணக்கில் கட்டி, தேவைக்கு அட்வான்ஸ் வாங்குவது கஷ்டம்தான், தாமதமாகும். இருந்தாலும் அதுவே நல்லது. அது முடியவில்லை என்றால் ரொக்கம், ஒரு டப்பா, இரண்டு பேர் கையெழுத்து. பில் கொடுக்காத இடங்கள் இருக்கும். ஆட்டோ, இளநீர், மைக் செட்டுக்காரர். அதற்கு வவுச்சர் எழுதி அவர் கையெழுத்தை அங்கேயே வாங்குங்கள். வரவு செலவை மாதம் ஒரு முறை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், யாரும் கேட்காவிட்டாலும்.

ஸ்பான்சர் பற்றி ஒரு வரி. கடைக்காரர் 2,000 ரூபாய் கொடுத்தால் ஃப்ளெக்ஸில் அவர் பெயர் வரும், சரி. கட்சிக்காரர் கொடுத்தால் அவர் படம் வரும், அப்புறம் அவருடைய தலைவர் படம் வரும், அப்புறம் எதிர்க்கட்சிக்காரரின் தம்பி உங்கள் வகுப்பிலேயே இருப்பான். வாங்காதீர்கள்.

ஆட்கள்

வாட்ஸ்அப் குரூப்பில் 38 கட்டைவிரல் விழுந்தால் நிகழ்ச்சிக்கு 12 பேர் வருவார்கள். இது பழகிவிடும். ரூட்டுக்கு ஒருவர் வைத்தீர்களே, அவர் முந்தின நாள் பஸ்ஸில் நேரில் கேட்டால் எண்ணிக்கை ஏறும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பொய் சொல்வது கஷ்டம்.

நண்பர்கள் விஷயம்தான் உண்மையில் வலிக்கும். போன மாதம்வரை உங்களோடு பின்பெஞ்சில் இருந்தவனிடம் வேலை சொன்னால், "என்னடா, பெரிய ஆளாயிட்டியா" என்பான். அவனிடம் வேலை சொல்லாமல் நீங்களே எல்லாவற்றையும் தூக்கிச் சுமப்பது ஒரு வழி. நான் அதைச் செய்தேன். நாற்காலி போடுவது, பேனர் கட்டுவது, நன்றியுரை எல்லாம் நான். அந்த செமஸ்டரில் ஒரு அரியரும் எனக்கே. வேலையைச் சின்னதாக உடைத்து, ஆள் பெயரும் நேரமும் போட்டுக் கொடுங்கள். "ஏற்பாடுகளைப் பாத்துக்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். "ஒன்பது மணிக்கு கேட்ல நின்னு விருந்தினரைக் கூட்டிட்டு வா" என்றால் நிற்பான். செய்யாமல் விட்டால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், குரூப்பில் வேண்டாம்.

பேராசிரியர் உங்கள் வேலையைத் தன் வேலையாக ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்வார். எழுதட்டும். உங்களுக்குக் கையெழுத்து வேண்டும், அவருக்கு அறிக்கை வேண்டும். ஆனால் வேலை செய்த மாணவர்களின் பெயர்ப் பட்டியலை நீங்களே டைப் செய்து கொடுத்துவிடுங்கள். அப்படியே ஒட்டிக்கொள்வார், பெயர்கள் உள்ளே போய்விடும்.

கைமாற்றுவது

மூன்று வருடப் படிப்பில் ஒருவருக்கு மன்றம் நடத்த உருப்படியாகக் கிடைப்பது ஒரு வருடம். ஆறாவது செமஸ்டரில் புராஜெக்ட், வேலைத் தேடல் என்று நீங்கள் இல்லாமல் போவீர்கள். அதனால் பிப்ரவரியிலேயே இரண்டாமாண்டில் இரண்டு பேரைக் கூடவே அழைத்துப் போகத் தொடங்குங்கள். கடைசி நிகழ்ச்சியை அவர்களே நடத்தட்டும், நீங்கள் பின்னால் நாற்காலி எடுத்துப் போடுங்கள். சொதப்புவார்கள். வாயைத் திறக்காதீர்கள்.

கொடுக்க வேண்டியது மூன்று. கடித ஜெராக்ஸ் பைல், முடித்துக் கையெழுத்தான கணக்கு நோட்டு, அந்த நீள நோட்டு. நீள நோட்டின் பின்பக்கத்தில் ஊர்த் தலைவர், ஊராட்சி, மைக் செட்டுக்காரர் என்று நம்பர்கள் இருக்கும். அதன் கீழே என்னென்ன தப்பாகப் போனது என்றும் எழுதி வையுங்கள். நான் முதல் வரியாக எழுதியது, "வலையைத் தொடும் முன் கேள்."

பஸ் நேரங்களை மட்டும் பழைய நோட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள விடாதீர்கள். ஜூன் மாதம் மாறியிருக்கும். புதுச் செயலாளரையே ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டைம் கீப்பரிடம் கேட்டு, பென்சிலால் எழுதி வரச் சொல்லுங்கள்.